மூடுபனியில் கூப்பிடுகிறவன்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு உயரத்துக்கு விழுகிறது, எப்படி நடக்கிறீர்கள், குழாய்த் தண்ணீர் உறைந்துவிடாதா என்று. பனிக்குப் பழகிவிடலாம். பழக முடியாதது இருட்டு. நார்வேயின் வடக்குக் கரையில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன், பொங்கல் வாக்கில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அதுவும் போய்விடும்.

இந்தக் குளிர்காலம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். மீன் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. வலது தோளில் தசை கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, கையைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்கள். மனைவி சுகந்தி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். மகள் எவ்லின் பள்ளிக்கு. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, உள்ளே நானும் டிவியும். சொந்த ஊரான சந்தவாசலில் இருந்தபோது அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் டிவி முன்னால் உட்கார்ந்தவன் இல்லை நான். ஐம்பதை நெருங்கும் வயதில் தொடர்களும் கேம்களுமாக ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன்.

முதலில் பார்த்தது ஒரு கப்பல். கதை கிடையாது, நடிகர்கள் கிடையாது. கப்பலின் முன்பக்கம் கேமராவைக் கட்டிவிட்டு, அது கரையோரமாகப் போவதை நாள்கணக்கில் அப்படியே காட்டுகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதை ஆசையாகப் பார்க்கிறார்கள். நானும் பார்க்க ஆரம்பித்தேன். துறைமுகங்களில் சனங்கள் கூட்டமாக நின்று கையசைப்பார்கள். அது சரி. ஆனால் ஒரு இடத்தில், வீடோ ரோடோ எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மொட்டைப் பாறைமேல் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தான். கப்பல் தொலைவில் வரும்போதே கையை ஆட்ட ஆரம்பித்தவன், கடந்து போகும்வரை நிறுத்தவில்லை. அவன் எப்படி அங்கே போனான், எப்படித் திரும்புவான் என்று யாரும் சொல்லவில்லை. என் இடது கை தானாகத் தூக்கிக்கொண்டது. பதிலுக்கு ஆட்டிவிட்டுத்தான் எனக்கே வெட்கமாகப் போனது.

அடுத்தது துப்பறியும் தொடர். இங்கே எடுக்கிற தொடர்களில் பாதிக்குமேல் யாராவது காணாமல் போவதில்தான் ஆரம்பிக்கின்றன. சுகந்திக்கு அவை பிடிக்கும். “கடைசி எபிசோடுல எப்படியும் கண்டுபுடிச்சிடுவாங்க இல்ல, அந்த நிம்மதிக்குத்தான் பாக்கறேன்” என்பாள். என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. பிணமாகவாவது கிடைத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

எவ்லின்தான் கேம் ஆடச் சொன்னாள். விரல்களுக்குப் பயிற்சி ஆகும் என்று பிசியோதெரபி செய்யும் பெண்ணும் தலையாட்டினாள். முதலில் ஒரு விவசாய கேம். உழுகிற நேரத்திலேயே முளைத்துவிடுகிறது, முளைத்த நேரத்திலேயே அறுத்துவிடலாம். ஆடு மாடு எதுவும் சாவதில்லை. சாமை விதைக்கலாம் என்று தேடினேன், இல்லை. புளியமரமும் இல்லை. அந்தக் கிராமத்துக் கடைக்காரர் எப்போது போனாலும் அதே சிரிப்போடு அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒரு மத்தியானம் முழுக்க அவர் முன்னால் போய்ப் போய் நின்றேன். ஒரு தடவையாவது மாற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

2

டிசம்பரில் ஒரு மத்தியானம், அடுப்படியில் இடது கையால் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். எவ்லின் மாடிப்படியில் இறங்கி வந்தாள். வரும்போதே உதட்டைக் குவித்து ஒரு சீழ்க்கை அடித்தாள். ஒரு தடவை கீழிருந்து மேலே, ஒரு தடவை மேலிருந்து கீழே. பிறகு வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“...ண்டி வந்துச்சேஏஏய்...”

கூப்பிட்டு முடித்ததும் தொண்டைக்குள் ஒரு சின்ன இருமல்.

கடுகு கருகிப் புகை வரும்வரை நான் அப்படியே நின்றிருந்தேன்.

எவ்லினுக்குத் தமிழ் புரியும். பேசினால் ஒவ்வொரு சொல்லும் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி நடக்கும். ‘வெயில்’ என்பதே அவள் வாயில் வேறு எதுவோ ஆகிவிடும். ஆனால் இந்த ஒரு கூப்பாடு மட்டும் ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி வந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, விட வேண்டிய இடத்தில் விட்டு.

“எங்கம்மா கத்துக்கிட்ட இத?”

“எது?”

“இப்ப கூப்ட்டியே.”

“அதுவா? கேம்ல வர்ற பேய்ப்பா. ஸ்கூல்ல எல்லாரும் செய்வாங்க.”

அவளை உட்காரவைத்து அந்த கேமைப் போடச் சொன்னேன்.

சின்னக் குழு ஒன்று செய்த கேம். சுடுவது, வெட்டுவது ஒன்றும் கிடையாது. நீங்கள் மின்கம்பி பார்க்கும் ஆள். ஒரு மலையில் சிறு சிறு ஊர்கள். எல்லா வீடும் திறந்து கிடக்கும், அடுப்பில் பாத்திரம் இருக்கும், மனுஷர் இருக்க மாட்டார்கள். எங்கும் மூடுபனி. அறுந்த கம்பிகளைச் சேர்த்து ஒவ்வொரு வீடாக விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு ஊரில் எல்லா விளக்கும் எரிந்தவுடன், அடுத்த மேட்டிலிருந்து அந்தக் குரல் கூப்பிடும். குரலைத் தேடிப் போனால் அது இன்னும் தள்ளிப் போய்க் கூப்பிடும். அவ்வளவுதான். முடிவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்த, ஆடிய எல்லாவற்றிலும் செய்தவர்கள் மனசு வைத்துச் செய்தது இது ஒன்றுதான். பயமுறுத்த எதுவுமே செய்யாமல் முதுகுத்தண்டில் குளிர் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று ஆடுகிறவர்களுக்குள் பெரிய விவாதமாம். எவ்லின் எடுத்துக் காட்டினாள். செத்துப்போன ஏதோ மொழி என்றார் ஒருவர். பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்ட ஃபின்னிஷ் மொழி என்று இன்னொருவர் நிரூபித்தே இருந்தார். ஒரு தாயின் புலம்பல் என்று ஒரு பெண் உருக்கமாக எழுதியிருந்தாள்.

“வண்டி வந்துச்சு. அவ்ளோதாம்மா அர்த்தம்” என்றேன்.

“என்ன வண்டி?”

“குட்டி யானை.”

“யானையா?”

“சின்ன லோடு வண்டிம்மா. உங்க சித்தப்பா ஓட்டினது. இது உங்க சித்தப்பா குரல்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு வீட்டுக்குள் அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

3

லூர்து எனக்கு இளையவன். சந்தவாசலிலிருந்து போளூர் வழியாக மலையேறி, ஜமுனாமரத்தூர் தாண்டிக் காவலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் வண்டி விடுவான். சாமை, புளி, பலா, தேன் என்று அந்தந்தக் காலத்துக்கு என்ன கிடைக்கிறதோ ஏற்றிக்கொண்டு இறங்கி, கண்ணமங்கலத்தில் போடுவான். ஊர் கண்ணில் படுவதற்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்திச் சீழ்க்கை அடித்து, ‘வண்டி வந்துச்சே’ என்று கூப்பிடுவான். ஹாரன் அடித்தால் கன்றுக்குட்டிகள் மிரளுகின்றன என்பான். பீடியை விட்டபிறகும் அந்த இருமல் அவனை விடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாத மழையில் அந்த வண்டி மட்டும் வளைவில் நின்றிருந்தது. அவன் இல்லை. போலீஸ் தேடியது, காட்டிலாகா ஆட்கள் தேடினார்கள், மலை சனங்கள் பள்ளம் பள்ளமாக இறங்கிப் பார்த்தார்கள். கரடி என்றார்கள். வழுக்கி விழுந்து ஓடையில் போயிருப்பான் என்றார்கள். திருப்பூரில் பார்த்தோம், வேறு பெண்ணோடு இருக்கிறான் என்று வந்து சொன்னவர்களும் உண்டு. அதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டவள் ரெஜினா, அவன் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை அவளுக்கு.

போன வருஷம்தான் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. கண்ணமங்கலத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சகாயம், மனைவியை இழந்தவர், பெண் கேட்டு வந்தார். ரெஜினாவுக்கும் சம்மதம். ஆனால் மாதா கோயிலில் தாலி கட்ட வேண்டுமென்றால், முதல் கணவன் இறந்துவிட்டான் என்று பிஷப்பின் அலுவலகமான ஆயர் இல்லம் முடிவு செய்ய வேண்டும். உடல் இல்லாததால் விசாரணை. வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவரும் பங்குத் தந்தை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். என் முறை ஜனவரியில் வருவதாக இருந்தது. வீடியோ அழைப்பிலேயே சொல்லிவிடலாம், ‘ஆமாம் ஃபாதர்’ என்று ஒரு வார்த்தை போதும் என்று இருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் மாடிப்படியில் நின்று அவனைப் போலக் கூப்பிட்டது.

4

கேம் செய்த குழுவுக்கு எவ்லின் எழுதினாள். அந்தச் சத்தத்தை அவர்கள் பதிவு செய்யவில்லை, உலகம் சுற்றிச் சத்தங்களைச் சேகரிக்கும் ஒரு டென்மார்க் பெண்ணிடம் வாங்கினார்களாம். அவரோடு பேச ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார் அந்தம்மா. நட்சத்திரம் பார்க்கத்தான் காவலூர் வானாய்வு நிலையத்துக்கு வந்தாராம். தங்கியிருந்த நாளெல்லாம் மேகம். வானம் தெரியாததால், காலை வேளைகளில் மைக்கை எடுத்துக்கொண்டு போய் மூடுபனியின் சத்தத்தைப் பதிவு செய்தாராம். எப்போது என்று கேட்டேன். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் என்றார்.

நான் தேதியைத் திருப்பிக் கேட்டேன். அவர் திருப்பிச் சொன்னார். லூர்து காணாமல் போய் அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது.

“கூப்பிட்டவரைப் பார்த்தீர்களா?”

“இல்லை. பனியில் என் கையே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது. ஊர்க்காரர் யாரோ பஸ்ஸுக்குக் குரல் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.” பிறகு தயங்கிச் சொன்னார்: “கேமில் வருவது வெட்டிச் சுருக்கியது. முழுப் பதிவில் அவர் ஒவ்வொரு முறை கூப்பிட்டபிறகும் ரொம்ப நேரம் நிறுத்துகிறார். யாரோ பதில் சொல்லக் காத்திருப்பது போல.”

முழுப் பதிவையும் அனுப்பினார். நீல வெளிச்சம் போய்விட்ட ஒரு பகலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். சொட்டுச் சொட்டாக இலையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம். சீழ்க்கை. கூப்பாடு. இருமல். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம் முழுக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி சீழ்க்கை. அவன் குரல்தான். வேறு யார் குரலாகவும் இருக்க வழியில்லை.

ரெஜினாவிடம் சொல்லாமல் இருக்கலாம். சுகந்தி அதைத்தான் சொன்னாள்: “பாவங்க அவ. இப்பதான் பவுடர் பூசி வெளிய வர்றா.” ஆனால் சாட்சி சொல்லும் இடத்தில் நான் எப்படி வாயைத் திறப்பது? போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“அத அனுப்பறேன், கேக்கறியாம்மா?”

“வேணாம் மாமா. அனுப்பாதீங்க. கேக்கறதா இருந்தா அங்கியே போய்க் கேட்டுக்கறேன்.”

“தனியா போவாத. நான் வர்றேன்.”

இந்த நாட்டில் மருத்துவ விடுப்பில் இருக்கிறவன் தூர தேசம் போக நலத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். தொலைபேசியில் ஒரு பெண் அதிகாரி காரணம் கேட்டார். தம்பி காணாமல் போனதைச் சொன்னேன். ‘ஸாவ்னெட்’ என்பது அதற்கு இந்த மொழியில் சொல். அவர் குரல் தழைந்தது. “ஆழ்ந்த அனுதாபங்கள். அடக்கம் எப்போது?” என்று கேட்டார். இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தொலைந்துபோனவரைச் சொல்வதும் அதே சொல், மரண அறிவிப்புகளில் ‘நினைத்து ஏங்குகிறோம்’ என்று போடுவதும் அதே சொல். திருத்த முயன்றேன். முயன்றதில் இன்னும் குழப்பினேன். கடைசியில் அடக்கத்துக்குப் போகிறவன் என்றே அனுமதி கிடைத்தது.

5

பொங்கல் முடிந்த வாரம் மலையேறினோம். சகாயம்தான் கார் ஓட்டினார். நான் முன்னால், ரெஜினா பின்னால். மலைப்பாதை ஆரம்பித்த இடத்தில் சகாயம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“அண்ணா, அவுரு உசுரோட இருந்தா எனக்கும் சந்தோஷந்தான். நான் ஒதுங்கிக்கிறேன். ஆனா எதுவா இருந்தாலும் ஒரு முடிவு தெரியணும் இல்லீங்களா. இது இப்படியே இவங்களத் தின்னுக்கினு இருக்குது.”

ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜமுனாமரத்தூரிலேயே மேகம் இறங்கியிருந்தது. காவலூரை நெருங்கும்போது, வானம் பார்க்கும் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம் பனிக்குள் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. லூர்துவின் வண்டி நின்றிருந்த அந்த வளைவுக்கு மேலே ஒரு சிற்றூர், கீழே ஒரு சிற்றூர். மேலூர், கீழூர் என்றுதான் லூர்து சொல்வான். கீழூரில் நிறுத்தி விசாரித்துவிட்டு, வளைவில் காரை ஓரங்கட்டி மேலூருக்கு நடந்தோம். காசியம்மாவை ரெஜினாவுக்கு முன்பே தெரியும். சாமையும் புளியும் லூர்துவுக்குப் போட்டவர். எங்களைப் பார்த்ததும் முற்றத்தில் காயவைத்திருந்த கொள்ளுப்பயறை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தார்.

“வா பாப்பா. இன்னா இந்தப் பனியில?”

ரெஜினா நேராகவே கேட்டாள். “யக்கா, இங்க வண்டி வந்தா யாராச்சும் கூப்புடறாங்களா? அவுரு கூப்புடற மாதிரி?”

“ஆமா, கூப்புடறாங்க. பனி இறங்குனா கேக்கும். கீழூருல எவனோ உங்க வூட்டுக்காரரு மாதிரியே பழகிக்கினான். நல்லதுதானேன்னு வுட்டுட்டோம். கேட்டா நாங்க ரோட்டுக்கு வந்துருவோம். அப்புறம் பஸ்ஸோ, பால் வண்டியோ ஒண்ணு வரும். தப்பா கூப்ட்டதே இல்ல. என் மருமவளுக்கு வலி எடுத்தன்னிக்கு ஆஸ்பத்திரி வண்டி வராதுன்னே இருந்தோம். கொரலு கேட்டுச்சு. தூக்கினு ஓடியாந்தோம். வண்டி வந்துச்சு.”

சகாயம் மெல்லச் சொன்னார். “யம்மா, வர்ற வழியில கீழூருல நிறுத்திக் கேட்டோம். அவங்க மேலூருல இருந்து கூப்புடறாங்கன்னு சொல்றாங்க.”

காசியம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

“இங்க யாரும் இல்லப்பா” என்றார். “இங்க யாரும் கூப்புடறதில்ல.”

பிறகு அவரே சொன்னார். “அவுரு கூப்ட்டா நாங்க ‘வா’ன்னு கொரலு குடுப்போம் பாப்பா. இந்த ரோட்டுல ஒரு வண்டிதான் போவும் இல்ல? எதுத்தாப்புல வண்டி இல்ல, ஏறி வான்னு அர்த்தம். கொரலு கேட்டாத்தான் வண்டிய எடுப்பாரு. அன்னிக்கு ஆடித் திருவிழா. நாங்க மொத்த சனமும் கீழ கோயிலுக்குப் போய்ட்டோம். கொரலு குடுக்க ஆளு இல்ல.”

“இப்ப கேக்கறதுக்குக் கொரலு குடுக்கறீங்களா?” என்று நான் கேட்டேன்.

“இல்லீங்க. ஏன்னு தெரியல. ஒருத்தரும் குடுக்கல.”

வளைவுக்கு வந்து நின்றோம். காசியம்மாவும் வந்தார். காலையா மத்தியானமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். ஓரத்துச் சுவரில் ரெஜினா உட்கார்ந்தாள். இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். நான் வீட்டில் காதில் மாட்டிக் கேட்ட அதே சொட்டு.

சீழ்க்கை கேட்டது.

பிறகு குரல். எங்களுக்குக் கீழே, இடது பக்கம், கூப்பிடு தூரத்தில். கடைசியில் இருமல்.

சகாயம் சிலுவை போட்டுக்கொண்டார். நான் யோசிக்கவில்லை. “டேய் லூர்து” என்று கத்திக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினேன். கட்டுப் போட்ட தோள் தெறித்தது. பனி வாய்க்குள் புகுந்தது. அவன் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு வந்தேன். ஈர ரோடு, ஒரு மைல்கல், அவ்வளவுதான். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இரண்டாவது தடவை கூப்பிட்டது. இப்போது எனக்கு மேலே. நான் விட்டுவிட்டு வந்த இடத்தில், ரெஜினா உட்கார்ந்திருந்த சுவருக்குப் பக்கத்தில்.

அந்த இடைவெளி ஆரம்பித்தது. அவன் காத்திருக்கிற இடைவெளி.

மேலே காசியம்மா அவசரமாக, “வான்னு சொல்லிடாத பாப்பா” என்றது கேட்டது. அப்புறம் ரெஜினாவின் குரல். உரக்கக் கத்தவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புகிற புருஷனிடம் வாசலில் நின்று சொல்கிற அளவில்தான் சொன்னாள்.

“போய்ட்டு வாங்க.”

எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வீட்டுக் கதவா, வண்டிக் கதவா தெரியவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. நான் மேலே ஏறி வந்தபோது ரெஜினா எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கும் சகாயத்துக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்க்காமல் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் முகப்பு விளக்கு மஞ்சளாகத் தெரிய, பஸ் வளைவில் திரும்பியது. டிரைவர் எங்களைப் பார்த்து நிறுத்தி, “ஏர்றீங்களா?” என்றார். நாங்கள் ஏறவில்லை.

இறங்கி வரும் வழியில் ரெஜினா ஒன்றுதான் சொன்னாள். “மாமா, அந்த கேமுல இருந்து அத எடுக்கச் சொல்லாதீங்க. கெடக்கட்டும்.”

6

மறுநாள் பங்குத் தந்தையின் அறையில் உட்கார்ந்தேன். சின்ன வயசுக்காரர். மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார்.

“உங்க தம்பி இறந்துட்டார்னு மனசார நம்புறீங்களா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேம், டென்மார்க் அம்மா, மேலூர், கீழூர், பனி. அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

“அதெல்லாம் நான் எழுத வேணாம்னு நெனைக்கிறேன். கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க.”

“நம்புறேன் ஃபாதர்.”

பொய் சொன்ன மாதிரி இல்லை. உயிரோடு இருப்பவன் என்றால் அந்த வளைவில் என்னைக் கண்டு ஓடி வந்திருப்பான். அது எனக்குத் தெரியும். மற்றதைப் பற்றி அவர் கேட்கவில்லை. ரெஜினா உள்ளே போய் வெகு நேரம் இருந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது இங்கே சூரியன் மலை விளிம்பில் ஒரு ஆரஞ்சுத் தோல் அளவுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. தோள் ஓரளவு சரியாகி, வேலைக்குப் போகிறேன். அந்த கேமை நான் மறுபடி ஆடவில்லை. எவ்லின் ஆடினாள். அவளை நான் தடுக்கவில்லை. ஆனால் குரல் வருகிற இடங்களில் அவள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பதினாலு வயசுப் பெண் நம்புவாளோ சிரிப்பாளோ என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆயர் இல்லத்தின் அனுமதி வந்து, ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. சந்தவாசலில் திருப்பலி, விருந்து. எங்களுக்கு விடுப்பு இல்லை. கைபேசியில் மூன்று பேரும் தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். கடைசியில் காரில் ஏறுவதற்கு முன்னால் ரெஜினா போனை வாங்கினாள். மல்லிகைப் பூவும் வியர்வையுமாக முகம் திரை முழுக்கத் தெரிந்தது. நன்றாக இருந்தாள். பக்கத்தில் சகாயம் கும்பிட்டார்.

“போய்ட்டு வர்றேன் மாமா.”

“போய்ட்டு வாம்மா.”

போன் அணைந்தது. சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். எவ்லின் எழுந்திருக்கவில்லை. நார்வே மொழியில் கேட்க வந்ததை நிறுத்திக்கொண்டு, சொல் சொல்லாகத் தேடித் தமிழில் கேட்டாள்.

“அப்பா, மலையில சித்தி அப்படித்தான் சொன்னாங்க இல்ல? சித்தப்பாகிட்ட?”

“ஆமாம்மா.”

“போகச் சொன்னாங்களா, வரச் சொன்னாங்களா?”

நம் வழக்கத்தைச் சொன்னேன். கிளம்புகிறவரைப் பார்த்து வெறுமனே ‘போ’ என்று நாம் சொல்லமாட்டோம், அது மனசு கேட்காது, அதனால் போகச் சொல்லும்போதே வரவும் சொல்லிவிடுவோம் என்றேன். அவளுக்குப் புரியவைக்க இந்த மொழியில் ஒரு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

“அப்ப ரெண்டுமா?”

“ரெண்டும்தான்.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே கடல்மேல் மூடுபனி எழும்பிக்கொண்டிருந்தது.

“அப்ப அவரு இன்னா செய்வாருப்பா?” என்று கேட்டாள்.